தினமும் அதே புடவை

அமீர்பேட் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கி ஹாஸ்டல் சந்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய தூண் நிற்கிறது. அந்தத் தூண் நிற்கிற இடத்தில்தான் என் இஸ்திரி வண்டி பல வருஷம் நின்றது. போன வாரம் கண் காட்டப் போய்விட்டு வரும்போது அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். தூண் மங்கலாகத் தெரிந்தது. வண்டிதான் தெளிவாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாய்யா, தூண மொறச்சினு கீற? அது இன்னா உன் வண்டிய முழுங்கிச்சா? வா, ஆட்டோகாரன் கத்துறான்."

தூண் முழுங்கவில்லைதான். தூண் வருவதற்கு முன்பே எனக்கு முட்டி வலி வந்து வண்டியை விற்றுவிட்டேன். இருந்தாலும் அந்த இடத்தில் கழிந்த ஒரு குளிர்காலம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. தமிழ் எழுத்தே துணி சுற்றி வந்த பழைய பேப்பரைக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டதுதான்.

அந்தப் பேப்பர் கிடைத்தது ஹப்சிகுடாவில். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்த புதிதில் அங்கேதான் இருந்தோம். சென்ட்ரல் கவர்மெண்ட் வேலை, டிபன்ஸ் வேலை என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்தன. மாடியிலிருந்து "இஸ்திரி!" என்று ஒரு குரல் வரும், பின்னாலேயே மூட்டை வரும். வேட்டியை நாலாக மடிக்க வேண்டுமா எட்டாக மடிக்க வேண்டுமா என்று வீட்டுக்கு வீடு சட்டம் இருக்கும். ஒரு வீட்டில் பனியனுக்கும் இஸ்திரி. ஆபீசில் பெரிய அதிகாரி அவர். பனியனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "நான் பாக்கறேனே" என்றார். அவர் சொன்னது சரிதான்.

அப்புறம் வீட்டுக்கு வீடு கரண்டு இஸ்திரிப் பெட்டி வந்தது. அதிகாரிகளும் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனார்கள். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற பையன்கள் ஈசல் மாதிரி வந்து இறங்குகிறார்கள், ஆளுக்கொரு இன்டர்வியூ சட்டை வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே கிளம்பினோம். நான் முன்னால் இழுக்க, வீட்டுக்காரி பின்னால் தள்ள, மூன்று வயசுப் பெண் வண்டியின் மேல் கம்பளியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கை ஆட்டிக்கொண்டு வந்தது. சிகந்தராபாத்தில் ஒரு போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார். வண்டியில் என்ன என்று கேட்டார். "பாப்பா" என்றது பெண். அவர் சிரித்துவிட்டு வழி விட்டார்.

அமீர்பேட்டில் நன்றாக ஓடியது. சந்து முழுக்க ஹாஸ்டல். காலையில் ஆறு மணிக்குக் கொட்டாங்கச்சி போட்டுக் கரி பற்றவைத்து, பெட்டியைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் காற்றில் கரி சிவக்கும். ஏழு கிலோ பித்தளைப் பெட்டி. அடியை ஈரத்துணியில் ஒரு தேய் தேய்த்து, கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடு தெரிந்துவிடும். முதலில் காலர். அப்புறம் தோள். அப்புறம் கை. கடைசியில்தான் நெஞ்சும் முதுகும். காலர் நின்றால் சட்டை நின்றது.

பையன்கள் எல்லாரும் என்னை "பாபாய்" என்பார்கள். தெலுங்கில் சித்தப்பா. எனக்கு அவர்களுடைய பேர் தெரியாது, சட்டையைத் தெரியும். துணியில் குறி போடுகிற பழக்கம் என்னிடம் கிடையாது. பார்த்தாலே சொல்லிவிடுவேன். நாலு பையன்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு நல்ல சட்டை இருந்தது. வெள்ளை, மெல்லிய நீலக் கோடு. திங்கட்கிழமை ஒருவன் கொண்டுவருவான், செவ்வாய்க்கிழமை வேறொருவன் கொண்டுவருவான். முந்தினவனுடைய வேர்வை ஈரம் காயாமல் இருக்கும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். குள்ளமானவன் வந்தால் கையை ஒரு மடிப்பு உள்ளே வைத்துத் தேய்த்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் "ரெண்டு நாள் ஆவும்" என்பேன். அன்று சாயந்திரமே முடித்துக் கொடுத்துவிடுவேன். ரெண்டு நாள் என்று நினைத்தவனுக்கு அன்றைக்கே கிடைத்தால் சந்தோஷம், எனக்கும் ஒரு மதிப்பு. வீட்டுக்காரி மட்டும் திட்டுவாள். "பெரிய கலெக்டரு இவரு, ரெண்டு நாள் கழிச்சிதான் மனு வாங்குவாரு." அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெண் பத்தாவது படிக்கிற வருஷம். தசராவுக்கு ஊருக்குப் போன பையன்கள் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. ஹாஸ்டல் வாசலில் செருப்பு குறைந்தது. எனக்கு முதலில் தெரிந்தது அந்தச் செருப்புதான். அப்புறம் மூட்டை குறைந்தது. வாரத்துக்கு ஆறு சட்டை கொடுத்தவன் ரெண்டு கொடுத்தான், ரெண்டு கொடுத்தவன் கையாலேயே நீவிப் போட்டுக்கொண்டான். திருநெல்வேலிப் பையன் ஒருவன் விஷயத்தைச் சொன்னான்.

"அமெரிக்காவுல பேங்க் எல்லாம் படுத்துட்டு அண்ணாச்சி. அதான் இங்க ஒரு கம்பெனியும் ஆள் எடுக்க மாட்டங்கான்."

"அமெரிக்கால பேங்கு படுத்தா அமீர்பேட்ல எதுக்குப்பா சட்ட கசங்கக் கூடாது?" என்று கேட்டேன். அடுத்த வாரம் அவனும் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது போட்டிருந்த சட்டை கசங்கியிருந்தது. கழற்றிக் கொடு, ஒரு நிமிஷம் தேய்த்துத் தருகிறேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான்.

தீபாவளி சமயம் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, ஊரிலிருந்து போன் செய்தான்.

"மாமா, அங்க இன்னாத்துக்கு ஈ ஓட்டினு கீற? இங்க ஷூ கம்பெனில உனக்கு வாட்ச்மேன் வேல சொல்லி வச்சிட்டேன். பொண்ணயும் தையல் செக்ஷன்ல சேத்துடலாம். ரெண்டு பேரு சம்பாரிச்சா கஷ்டமே இல்ல."

அவன் நல்லது நினைத்துத்தான் சொன்னான். எனக்கும் போகலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பெண்ணுக்கு மார்ச்சில் பரீட்சை. இடையில் கிளம்பினால் பத்தாவது போய்விடும். அவள் படித்தது எல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும். ஊரில் போய் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? ஷூவுக்கு மேல்தோல் தைக்க உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க முடியாது. எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்தவர்கள் பலர்.

பெண்ணைக் கேட்டேன். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நேனு ரானு நானா" என்றாள். நான் வரமாட்டேன் அப்பா என்று அர்த்தம். வீட்டுக்காரி அடுப்புப் பக்கத்திலிருந்து, "கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன். கேட்டுட்டு கஞ்சி எதுல காய்ச்சறது?"

"மார்ச்சு வரிக்கும் நகர மாட்டேன். நீ போறதானா போ."

"நான் மட்டும் போயி? பொங்கல் வரிக்கும் பாப்போம். அதுக்குள்ள எதுனா வழி வந்தா சரி. இல்லன்னா மூணு பேரும் கெளம்பறோம். மச்சான் லாரி சொல்லி அனுப்பறேன்னு சொல்லிகீறான்."

அவள் குழம்புக் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் வண்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். துணி ஒன்றும் இல்லை. குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த அவள் நின்றாள்.

"இன்னாய்யா, கரி கொளுத்தாம குந்தினு கீற?"

"கொளுத்தி இன்னா பண்ண? என் மூஞ்சிக்கா இஸ்திரி போட்றது?"

"போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். ஆறிப்போன பெட்டிய பாத்தா எவன்யா துணி குடுப்பான்? கட மூடிட்டான்னு நெனச்சினு போயிடுவான். கூட்டம் கீற கடைக்கிதான் கூட்டம் வரும்."

வீட்டுக்குப் போய் வந்தாள். பழைய பெட்ஷீட்டுகளில் நாலு மூட்டை. பிரித்துப் பார்த்தால் என் கிழிந்த வேட்டி, தலையணை உறை, பெண்ணின் யூனிபாரம், அவளுடைய நாலைந்து புடவை. அடியில் அவளுடைய கல்யாணப் பட்டு. அரக்குக் கலர், பச்சைக் கரை. அவளிடம் இருந்த ஒரே பட்டு அதுதான்.

"இது எதுக்கும்மே?"

"பட்டு தேய்க்கிறவன்னு தெரிஞ்சா பெரிய வூட்டு துணி வரும்."

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. ஆறு மணிக்குக் கரி. ஏழு மணிக்கு எங்கள் வீட்டுத் துணியைத் தேய்க்க ஆரம்பிப்பேன். மத்தியானம் அவள் வந்து, தேய்த்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கசக்கி, வேறு பெட்ஷீட்டில் கட்டிக் கொண்டுவருவாள். யாராவது நடந்து வந்தால் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "இது டாக்டரு வூட்டு துணி, பாத்து!" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் முறைப்பாள். பட்டுப் புடவைக்கு மட்டும் சூடு குறைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டுத் தேய்ப்பேன். மடிப்பு மாறினால் அவளுக்குப் பிடிக்காது. தினமும் அதே மடிப்பு.

சந்து முனையில் ஈரானி டீக்கடை. அதில் டீ ஊற்றுகிறவன் வாரக்கணக்கில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருநாள் டீ கொடுக்கும்போது காதருகில் குனிந்து, "கைக்கு சாச்சா, ரோஜ் ரோஜ் ஓஹிச் சாடி?" என்றான். ஏன் சித்தப்பா, தினமும் அதே புடவை? எனக்கு முகம் எரிந்தது. அவன் டீயை வைத்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனான். நல்ல மனுஷன். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

பெண்ணின் யூனிபாரம் பாவாடை தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆகிவிட்டது. நீலக் கலர் கண்ணாடி மாதிரி மின்னியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், உட்காரும்போது வழுக்கி விழாமல் பார்த்துக்கொள் என்று கேலி செய்தார்களாம். "சாலு நானா" என்று பாவாடையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். போதும் அப்பா.

இதெல்லாம் வீண் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்துகொண்டே இருந்தது. கரிதான் சாம்பலாகிறது. ஆனால் அந்த நாலு பேர் சட்டை இருந்ததே, வெள்ளையில் நீலக் கோடு, அதில் மூன்று பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த குள்ளப் பையன் மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சட்டையைக் கொண்டுவந்து கொடுப்பான்.

"இன்டர்வியூவா?"

"லேது பாபாய்."

"பின்ன எதுக்கு?"

"போன் வஸ்தே?"

இல்லை சித்தப்பா, ஆனால் போன் வந்தால்? அவ்வளவுதான் சொல்வான். கையை ஒரு மடிப்பு உள்ளே வைத்துத் தேய்த்துக் கொடுப்பேன். வாங்கிப் போட்டுக்கொண்டு சந்தின் கடைசிவரை நடந்துவிட்டுத் திரும்பி வருவான். வீட்டுக்காரி என்னைப் பார்ப்பாள். நான் பெட்டியை ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

மார்கழி முடியப் போகிறது. ஹைதராபாத்தில் அந்த மாசத்தில் காலையில் நல்ல குளிர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் கை விறைக்காது. பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. மச்சான் போன் செய்து, லாரிக்காரனிடம் சொல்லிவிட்டேன், போகியன்றைக்கு வந்துவிடுவான், வண்டியைக் கூட ஏற்றிக்கொள்ளலாம் என்றான். நான் சரி என்றுவிட்டேன். வீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைய மூட்டையை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள்.

அன்று பத்து மணி இருக்கும். அவள் தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் பட்டுப் புடவையை விரித்துக்கொண்டிருந்தேன். மெயின்ரோட்டுப் பக்கத்திலிருந்து நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். தலையில் துப்பட்டா, கையில் பெரிய துணிப்பை. பக்கத்தில் புதிதாகத் திறந்த பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். பையிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டின் முனை தெரிந்தது. தினமும் எட்டுக் கோட்டு இருக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இப்போதே, நின்றுகொண்டே தருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு மாசமாகக் காத்திருந்தது அதற்குத்தானே. ஆனால் வாய் இருக்கிறதே, அது பழகினதைத்தான் பேசும்.

"தோ தின்" என்றேன். ரெண்டு நாள்.

அவர் நாலு மூட்டையையும் பார்த்தார். பட்டுப் புடவையைப் பார்த்தார். "நக்கோ, நக்கோ. தும்ஹாரே பாஸ் பஹுத் காம் ஹை" என்றார். வேண்டாம், உங்களிடம் நிறைய வேலை இருக்கிறது. தனக்கு ரெண்டு மணி நேரத்தில் வேண்டும் என்று சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? மூட்டை எல்லாம் பொய் என்றா?

குடத்தோடு வந்த வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சி?"

சொன்னேன். குடத்தை இறக்கக்கூட இல்லை அவள்.

"ரெண்டு நாளா? ரெண்டு நாளா சொன்ன? அட பாவி மனுசா! வேல இல்லாதப்ப கூட உன் வாய்க்கி வேல கம்மியாவல!"

"நீதானமே மூட்டய கட்டி வச்ச? அத பாத்துத்தான் அந்தம்மா போச்சு."

"நான் மூட்டதான் கட்டினேன். வாயையுமா நான் கட்டணும்? ஓடுய்யா!"

பெட்டியை அவளிடம் கொடுத்தேன். என்ன தோன்றியதோ, நாலு மூட்டையையும் பட்டுப் புடவையையும் அப்படியே வாரி அணைத்துக்கொண்டு ஓடினேன். வேட்டி தடுக்குகிறது. பின்னால் தலையணை உறை ஒன்று விழுகிறது. டீக்கடைக்காரன் வெளியே வந்து பார்க்கிறான். மெயின்ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தம்மாவைப் பிடித்துவிட்டேன். அவர் பயந்துபோனார்.

மூட்டைகளைப் பிளாட்பாரத்தில் போட்டு அவிழ்த்தேன். எனக்கு இந்தியும் அரைகுறை, தெலுங்கும் அரைகுறை. மூச்சு வேறு வாங்கியது. மூட்டையிலிருந்த வேட்டியைத் தூக்கிக் கிழிசலைக் காட்டினேன். யூனிபாரத்தைத் தூக்கி, என் பெண் என்றேன். நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அத்தனை வருஷம் அடுத்தவர் துணியை மானமாக மடித்துக் கொடுத்தவன், என் வீட்டுத் துணியை நடுரோட்டில் விரித்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஏ கியா? சப் தும்ஹாரெச் கபடே?" இதென்ன, எல்லாம் உங்கள் துணியேவா?

"ஹவ் மேடம். சப் மேரெச்." ஆமாம், எல்லாம் என்னுடையதுதான்.

பட்டுப் புடவையைத் தொட்டார். கரையை விரலால் தடவி, "ஏ தோ ஷாதி கா ஹை" என்றார். கல்யாணப் புடவை என்று பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டாம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ரெண்டு மாசம் என்றேன். அவருடைய துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். பார்த்தால் சிரிக்கிறார். நிறுத்த முடியாமல் சிரிக்கிறார்.

அப்புறம் அவர் சொன்னது இதுதான். அவருடைய டாக்டரும் ஆஸ்பத்திரி திறந்து மூன்று மாசமாக ஆள் வராமல் உட்கார்ந்திருக்கிறாராம். அதனால் வாட்ச்மேன், வாட்ச்மேனின் மச்சினன், பெருக்குகிற அம்மா என்று தினமும் நாலு பேரை வாசல் பெஞ்சில் உட்கார வைக்கிறாராம். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று கட்டளையாம். ஆள் வராவிட்டாலும் உள்ளே எல்லாரும் தினமும் இஸ்திரி போட்ட கோட்டோடு நிற்க வேண்டுமாம். "நேற்று நிஜமாகவே பல்வலியோடு ஒருவர் வந்தார், பெஞ்சில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான்தான் பின்னால் ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தேன்" என்றார்.

ரெண்டு பேரும் அந்தப் பிளாட்பாரத்தில் நின்று சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

பையை என்னிடம் கொடுத்தார். நான் ஓடிவந்த வேகத்தைவிடத் திரும்பிப் போன வேகம் அதிகம். ஒரு மணி நேரத்தில் எட்டுக் கோட்டையும் முடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெஞ்சில் நாலு பேர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேரும் வாயை இறுக்கிக்கொண்டோம்.

எட்டுக் கோட்டில் வீடு நிமிர்ந்துவிடாது. ஆனால் அது தினமும் வருகிற எட்டு. அரிசிக்கு ஆகும், கரிக்கு ஆகும். அன்று சாயந்திரம் மச்சானுக்கு நான் போன் செய்யவில்லை, வீட்டுக்காரிதான் செய்தாள்.

"லாரி வோணாம்டா. கோட்டு வந்துகிச்சி."

"இன்னாக்கா, மாமாவுக்கு கோட்டு தச்சி குட்த்தாங்களா?"

"ஆமா, எட்டு. போன வையி."

வண்டியில் வெள்ளைக் கோட்டு தொங்குவதைப் பார்த்து மெயின்ரோட்டு மருந்துக்கடைக்காரர் தன் கடைப் பையன்களின் யூனிபாரத்தையும் அனுப்பினார். வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் கூட்டம் வரும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. கூட்டம் மட்டும் நிஜமாக இருக்க வேண்டியிருந்தது. பொய் மூட்டைகளை அன்றே பிரித்துவிட்டாள். பட்டுப் புடவையைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். அப்புறம் அவள் அதைக் கட்டிக்கொண்டு நான் பார்க்கவில்லை.

மார்ச்சில் பெண் அந்தப் பளபளக்கிற பாவாடையிலேயே போய்ப் பரீட்சை எழுதினாள். நான் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்தின் கேட் வரைக்கும் போனேன். உள்ளே போகிற நூறு பிள்ளைகளில் அவளை மட்டும் வெயிலில் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது. குள்ளப் பையன் கோடைகாலம் வரைக்கும் திங்கட்கிழமைதோறும் வந்தான். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அவனுக்கு வேலை கிடைத்ததா, ஊருக்குப் போனானா தெரியாது. சட்டையோடுதான் போயிருக்கிறான். அது என்னிடம் இல்லை.

இவ்வளவும் எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இப்போது நாங்கள் கொண்டாப்பூரில் பெண்ணோடுதான் இருக்கிறோம். பத்தாவதுக்கு மேலும் அவள் படித்தாள், கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். போன மாசம் அவள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவளும் அதில் ஒருத்தி. மருமகன் வேலைக்குப் போய்விடுவார். இவள் தினமும் காலையில் எழுந்து ஒரு காலர் வைத்த குர்தாவை எடுத்துக் கரண்டு பெட்டியில் தேய்ப்பாள். மேலே இஸ்திரி போட்ட குர்தா, கீழே தூங்கும்போது போட்டிருந்த பேண்ட். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். போன் வராத நாளிலும் அப்படித்தான். நான் ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்குக் காலர் தேய்க்கத் தெரியாது. நான் சொல்லவில்லை.

கண் காட்டிவிட்டு வந்த மறுநாள், வீட்டுக்காரி தகரப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். தூணைப் பார்த்ததில் அவளுக்கும் அந்த ஞாபகம் வந்திருக்கிறது போல. அடியிலிருந்து பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்துப் பிரித்தாள். மேல் மடிப்பைத் தூக்கினால் மேல் மடிப்பு மட்டும் கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. ரெண்டு மாசம் ஒரே மடிப்பில் தேய்த்துத் தேய்த்து இழை செத்துப்போயிருக்கிறது. புடவை கோடு போட்டு வெட்டின மாதிரி துண்டு துண்டாகக் கட்டிலில் கிடந்தது. அரக்குக் கலர் மட்டும் அப்படியே இருந்தது.

என் கை செய்த வேலை அது.

தகரப் பெட்டிச் சத்தம் கேட்டுப் பெண் வந்தாள். இப்போதெல்லாம் அவள் பேச்சில் பாதி தமிழும் வரும். "அய்யோ, இதேமைந்தி அம்மா? எலி கடிச்சுதா?" இதற்கு என்ன ஆச்சு என்று கேட்கிறாள்.

"எலி இல்ல. உங்கப்பன்" என்றாள் வீட்டுக்காரி. ஒரு துண்டை எடுத்துப் பெண்ணின் தோளில் போட்டுப் பார்த்தாள். "நீ பத்தாவது எழ்தினியே, அந்த பரீட்ச எல்லாம் இதுலதான் கீது."

பெண்ணுக்கு அந்தக் கதை முழுசாகத் தெரியாது. பாவாடை பளபளத்தது மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரி சொல்ல ஆரம்பித்தாள். நான் மூட்டையோடு ஓடினதை அவள் சந்து முனை வரைக்கும்தான் பார்த்திருப்பாள், இருந்தாலும் நான் எப்படி ஓடினேன் என்று வேட்டியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். பல் ஆஸ்பத்திரி பெஞ்சு வந்ததும் பெண் கட்டிலில் விழுந்து சிரித்தாள். ஒரு மாசமாக அந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கையில் ஒரு குர்தாவோடு திரும்பி வந்தாள்.

"நானா, பதினோரு மணிக்கு இன்டர்வியூ கால் இருக்கு. காலர் நீங்க போட்டுத் தரீங்களா? எந்தசேபு படுதுந்தி?"

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறாள்.

"ரெண்டு நாள் ஆவும்" என்றேன்.

வீட்டுக்காரி கையிலிருந்த பட்டுத் துண்டைச் சுருட்டி என் மேல் எறிந்தாள்.

கரண்டு பெட்டிக்குக் கனமே இல்லை. கையால்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தேன். பட்டுத் துண்டை குர்தாவின் மேல் விரித்துக்கொண்டு காலரில் ஆரம்பித்தேன். மணி பத்தே கால்தான் ஆகியிருந்தது.